எண்களில் மட்டும் பேசிய நாள்

...பேசமாட்டேன், இன்றைக்கு முழுக்க எண்களைத் தவிர வேறொரு வார்த்தை என் வாயிலிருந்து வராது என்று டிராமில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன், ஆனால் இந்த ஊர் விட்டால்தானே, ஜன்னலுக்கு வெளியே ஆறு வருகிறது, ஆற்றின் மேல் பாலம், பாலத்தின் இரண்டு பக்கமும் கல்லில் ஆட்கள், ஒருத்தருக்கு மூக்கு இல்லை, இன்னொருத்தர் தலையில் புறா, அடியே இங்க பாரு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், பிறகு கொட்டாவி விடுவது போலச் சமாளித்தேன். பக்கத்தில் ஒட்டடைக்குச்சி உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் வந்த பெயர். கட்டடக்கலைப் படிப்பில் ஒரு கட்டடத்தை அளந்து வரைய இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி அளந்து எண்ணைச் சொல்வாள், மற்றவள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதவேண்டும், திருப்பிச் சொல்லவில்லையென்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம். மூன்று வருடமாக அவள் அளப்பாள், நான் எழுதுவேன். படிப்புச் சுற்றுலா முடிந்து நாளைக்கு வகுப்பே ஊருக்கு விமானம் ஏறும்போது அவள் ஏறமாட்டாள், இந்த ஊரில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கி இங்கேயே படிப்பைத் தொடரப்போகிறாள். எனக்கு எப்படித் தெரிந்தது? நேற்று சாப்பாட்டு மேஜையில் சார் எல்லோர் முன்னாலும் அவளை வாழ்த்தினபோது தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், முன்பே தெரிந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு நானும் தட்டினேன். நகமும் சதையும் என்று வகுப்பே கேலி செய்யும், அந்த நகம் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அருங்காட்சியகத்தின் வாசலிலேயே எங்கள் அளவு நாடாக்களைப் பையோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள், சுவரில் எதுவும் உரசக்கூடாதாம். சாருக்கு நாங்கள் வைத்த பெயர் ரசமட்டம், கொத்தனார் தளம் சாய்ந்திருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பாரே அது, எது நடந்தாலும் ஆள் ஒரு பக்கமும் சாயமாட்டார், கையும் காலும் இருக்குல்ல, அத வச்சு அளங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். முதல் வருடமே எங்களைச் செய்யச் சொன்ன வேலை அது, அவரவர் சாண், முழம், நடையை அளந்து மனப்பாடம் செய்வது. அவளுடைய சாண் என்ன, கையைத் தூக்கினால் எந்த உயரம், எல்லாம் எனக்கு அத்துப்படி, என்னுடையதைக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்கவேண்டும்... முதல் கூடத்தில் ஒரு கல் பாதம், பாதம் மட்டும், மேலே உடம்பு இல்லை, அதன் சுண்டுவிரலே என் இடுப்புக்கு வருகிறது. அந்த விரலுக்கு நகம் செதுக்கியிருக்கிறார்கள், நகத்துக்கு ஓரத்தில் சதை லேசாக மேடு தட்டியிருக்கிறது, யார் நின்று பார்த்தார்கள் இதை, இவ்வளவு பெரிய சிலையின் முகத்தைப் பார்ப்பார்களா சுண்டுவிரலையா, யாரும் பார்க்காவிட்டாலும் சரி என்று ஒருவன் குனிந்து உட்கார்ந்து செதுக்கியிருக்கிறானே. அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தையின் செருப்பு, ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்தையது, குதிகால் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, காலை இழுத்து இழுத்து நடந்த குழந்தை போல, அதன் அம்மா எத்தனை தடவை திட்டியிருப்பாள்... நான் சட்டென்று திரும்பினேன். அவளும் திரும்பியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

பிறகு அந்தக் கூடம். இரண்டாம் வருடம் புத்தகத்திலிருந்து பார்த்து வரைந்தது, வட்டமான சுவர், மேலே அரைக்கோளமாகக் கூரை, உச்சியில் கண் போலக் கண்ணாடி பதித்த ஒரு வட்டத் திறப்பு, அழித்து அழித்து வரைந்ததில் தாளே ஓட்டை விழுந்தது, அதனால் இந்தக் கூரை எனக்குத் தெரியும் என்றுதான் கதவைத் தள்ளினேன். தெரியவே தெரியாது. புத்தகத்துப் படத்தில் ஆள் யாரும் இல்லை, ஆள் இல்லாத இடத்தில் அளவு எங்கே தெரியும், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நான் வரைந்த அந்தக் கண்ணுக்குள் எங்கள் வகுப்பறையைத் தூக்கி வைத்துவிடலாம். அதன் வழியாக வெயில் இறங்கி எதிர்ச்சுவரில் பெரிதாக ஒட்டிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வது தெரிந்தது, பூமி சுற்றுகிறது என்று சின்ன வகுப்பில் படித்ததுதான், ஆனால் இப்போது என் காலுக்குக் கீழேயே சுற்றுவது போல ஒரு கிறுகிறுப்பு, கையில் பென்சில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. யாரோ ஒரு கிழவர் இருமினார், அந்த இருமல் மேலே போய் வட்டமடித்து மெதுவாகத் திரும்பி வந்தது. அழுகை வந்தது எனக்கு, சந்தோஷத்தில் வரும் அழுகைதான் என்று நினைக்கிறேன். அவள் ஒரு மாடத்தின் முன்னால் போய் நின்று சுவரைத் தொடாமல் காற்றிலேயே சாண் போட ஆரம்பித்தாள். அகலம் ஏழு சாண் என்றாள், ஏழு சாண் என்று எழுதினேன். ஆழம் மூன்று என்றாள், மூன்று. கையைத் தூக்கி உயரம் பார்த்தாள், அங்கேயே நின்றாள், கை இறங்கவில்லை.

"பயமா இருக்கு."

"பயமா இருக்கு" என்று நானும் சொல்லிக்கொண்டே பென்சிலைத் தாளில் வைத்துவிட்டேன், பழக்கதோஷம், அப்புறம்தான் அது எண் இல்லை என்று உறைத்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். மூக்கு சிவந்திருந்தது. மூலையில் நின்ற காவல்காரப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தக் கூடத்தில் எத்தனை பேர் அழுவதைப் பார்த்தவளோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன்டி எங்கிட்ட சொல்லல என்று கேட்டேன், குரலைத் தணித்துத்தான் கேட்டேன், ஆனால் அந்தக் கூரை அதையும் மேலே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தது.

"உங்கிட்ட சொல்லாத வரைக்கும் அது நடக்காதுன்னு இருந்தேன்டி. நீ திருப்பிச் சொல்லிட்டா முடிஞ்சு போச்சில்ல."

சுவர் ஓரத்துப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம், தோள் இடித்தது, நகர்ந்துகொள்ளவில்லை. கோபம் போய்விடும், போகத்தானே வேண்டும், இனிமேல் கோபப்பட என்ன இருக்கிறது... வெயில் மாடத்தைத் தொட்டு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சித்தி வீட்டிலிருந்து இங்கே நடந்தே வந்துவிடலாமாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருவாளாம், மழை பெய்தால் அந்தக் கண்ணாடியில் எப்படி இருக்கும் தெரியவில்லை, பார்த்துவிட்டு உடனே போன் பண்ணிச் சொல்கிறாளாம். சொல்லு என்றேன். நான் நாளைக்கே விமானம் ஏறிவிடுவேன். மழை நாளில் இவள் இங்கே உட்கார்ந்திருப்பாள், மேகமூட்டத்தில் உட்கார்ந்திருப்பாள், பனிக்காலத்தில், கூடத்தில் யாருமே இல்லாத காலையில்... கோபம் போகவில்லை, காரணம் சொல்லி முடித்த பிறகும் அப்படியே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கூடினது போலக்கூட இருக்கிறது. அப்படியென்றால் நேற்று கைதட்டும்போது உள்ளே எரிந்ததே, அது மறைத்துவிட்டாள் என்பதற்காகத்தானா? பிரியப்போகிறோமே என்றுதான் நேற்று இரவு தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேனா? அவள் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அண்ணாந்தேன், என்ன கூரை இது, என்ன கூரை, என்னை இங்கே விட்டுவிட்டு இவள் விமானம் ஏறுவதாக இருந்தால் நான் அழுதிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன், அழுதிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றியது.