முகத்துவாரம் வெட்டிய நாள்

புன்னைமுனைக்குப் போவதற்கு ஒரே தெருதான், வருவதற்கும் அதே தெருதான். கல்லடிப் பாலம் தாண்டி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டின் நுனியில் அந்தக் குடியிருப்பு இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் வாவி கடலில் சேரும் முகத்துவாரம் வேறெங்கோ இருந்ததாகச் சொல்வார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல் திட்டின் ஒரு பக்கத்தைத் தின்றது. சுனாமி மறுபக்கத்தை வழித்துக்கொண்டு போனது. சுனாமிக்குப் புருசனைக் கொடுத்த பீற்றிஸும் அங்கேயே திரும்பி வந்து வீடு கட்டியவள்தான்.

அந்த மார்கழியில் மழை விடவேயில்லை. முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்ததால் வாவி பொங்கி, மேற்கே வயல்வட்டைகளுக்குள் ஏறியது. கிரான் ஊரில் கட்டிக்கொடுத்த மகள் றொசானி போனில் அழுதாள்.

"அம்மா, கதிர் வாற பயிரெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது. முகத்துவாரத்த வெட்டி விடாட்டி எங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது."

அடுத்த நாளே மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. பழைய முகத்துவாரத்தில் மணல் மலைபோலக் குவிந்திருந்ததால், குடியிருப்புக்குத் தெற்கே, திட்டு ஒடுங்கிய இடத்தில் வெட்டப்போவதாகச் சொன்னார்கள். அங்கே வெட்டினால் இருக்கிற ஒரே தெருவும் போய்விடும். சனம் பெக்கோவுக்கு முன்னால் போய் நின்றது.

"தண்ணி ஓடுற சின்னக் கான் மாதிரித்தான் வெட்டுவம். தண்ணி வத்தினதும் மூடித் தருவம்" என்றார் வந்த அதிகாரி.

பக்கத்து வீட்டுத் தக்ஷாயினி, இடுப்பில் பிள்ளையோடு, பீற்றிஸின் கையைப் பிடித்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாத்தான் எல்லாரும் கேப்பாங்க."

உண்மைதான். கோயில் விசயமோ குழாய்த் தண்ணீரோ, ஊருக்காகப் பேசுகிறவள் பீற்றிஸ்தான். வாயைத் திறந்தவளுக்கு மகளின் அழுகைதான் காதில் கேட்டது.

"வெட்டட்டும்" என்றாள்.

தக்ஷாயினி கையை விட்டாள். சனம் ஒவ்வொருவராய் விலகியது.

முதலில் கான் அளவில்தான் ஓடியது. பிறகு இரண்டு கரையும் பொலபொலவென்று சரியத் தொடங்கின. வாவி முழுவதும் அந்த ஓட்டை வழியே இரைந்துகொண்டு கடலுக்குப் பாய்ந்தது. தார்த்தெரு துண்டு துண்டாய் உடைந்து விழுந்தது, கரண்ட் கம்பம் சாய்ந்தது. பொழுது சாயும் முன்பே, ஓரத்தில் இருந்த தக்ஷாயினியின் வீட்டைத் தண்ணீர் கொண்டு போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தெற்கே வெட்டு, கிழக்கே கொந்தளிக்கும் கடல், வடக்கே பழைய முகத்துவார மணல்மேட்டில் ஏறி அடிக்கும் அலை, மேற்கே இழுத்துச் சுழிக்கும் வாவி. வள்ளம் எதுவும் கிட்ட வர முடியவில்லை.

தக்ஷாயினியையும் பிள்ளையையும் பீற்றிஸ் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கிணறு உவர்த்துப் போனது. கூரைத் தகரத்தில் வழிந்த மழைநீரில்தான் கஞ்சி காய்ச்சினார்கள். அடுப்படியில் நின்றபோது போன் அடித்தது.

"அம்மா, தண்ணி இறங்குது! பயிர் தலை தெரியுது!" றொசானியின் குரல் வீடெங்கும் கேட்டது. "அங்க எப்பிடி?"

"இருக்கம் மகள்."

சுவரோரம் பிள்ளையை மடியில் வைத்திருந்த தக்ஷாயினி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப உங்கட மகள்ட வயல் தப்பிற்று, என்னக்கா?"

"ஓம் புள்ள."

தக்ஷாயினி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒருவழியாக இழுவை தணிந்து வள்ளங்கள் வந்தன. சனம் மூட்டைகளோடு ஏறியது. தக்ஷாயினியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், போயிற்று வாறன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவளுக்கு எதிரே மட்டும்தான் ஓர் இடம் மிச்சமிருந்தது.

"ஏறுங்க மாமி" என்றான் வள்ளக்காரன் நிலோஜன், கரையில் நின்ற பீற்றிஸைப் பார்த்து.

"அடுத்ததுல வாறன் மனே."

அடுத்த வள்ளமும் வந்தது. அதிலும் பீற்றிஸ் ஏறவில்லை; தக்ஷாயினியின் வீடு நின்ற இடத்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.