முதலாளியின் நாற்காலி

செத்தவர்கள் ஆபீசுக்கு வருவதில்லை என்று யார் சொன்னது? எங்கள் நூல் மில் முதலாளி அம்பலவாணன் அண்ணாச்சி செத்த பிறகும் ஒரு மீட்டிங் தவறவில்லை.

நான் நீலாம்பாள், பாளையங்கோட்டைக்காரி. அவர் போன பிறகு மில்லின் நிர்வாக இயக்குநராக வந்தவள். 'முதல் பெண் தலைமை' என்று பத்திரிகையில் படமெல்லாம் போட்டார்கள். பேரு பெத்த பேரு, தாகத்துக்குத் தண்ணி இல்லை. மீட்டிங் ஹாலில் மேஜையின் தலைப்பக்கம் அண்ணாச்சியின் நாற்காலியை வெள்ளைத் துண்டு போர்த்திக் காலியாக வைத்திருந்தார்கள். அதன் முன்னால் தினமும் சூடாக ஒரு காபி வேறு. எனக்குப் பக்கத்து நாற்காலி. மரியாதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் மீட்டிங்கிலேயே பேச்சை எடுத்தேன். "மூணாம் ஷெட்டுல பஞ்சுத் தூசி மண்டிக் கெடக்கு. பொறி விழுந்தா அங்க இருக்க பொம்பளைக அத்தனை பேரும் போயிருவாங்க. மெஷினை நிறுத்திச் சுத்தம் பண்ணுங்க."

சுற்றியிருந்த ஆண்கள் எல்லோரும் காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார்கள்.

"சரி அண்ணாச்சி" என்றார் மேனேஜர் நடராஜ், பணிவாக.

கேலி பண்ணுகிறார்கள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெளியே வந்ததும் அவரை நிறுத்தினேன். "யாரு சொன்னதுக்குத் தலையாட்டுனீங்க?"

"அண்ணாச்சிதான் சொன்னாவ. நீங்க வாயே தொறக்கலியே, மேடம்." அவர் முகத்தில் சிரிப்பில்லை. "பொம்பளையாளுங்க மேல அவியளுக்கு எப்பவும் எரக்கம் உண்டும்."

அடுத்த மீட்டிங்கை போனில் பதிவு செய்தேன். காருக்குள் உட்கார்ந்து போட்டுக் கேட்டேன். என் வாக்கியங்கள்தான், ஒரு சொல் மாறவில்லை. ஆனால் பேசியது ஒரு கிழவரின் கரகரத்த குரல். திரும்பப் போட்டுக் கேட்டேன், அதே குரல்தான்.

வேலை நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மூன்றாம் ஷெட் சுத்தமாயிற்று. பெண்களுக்கு ஷிப்ட் பஸ் வந்தது, பிள்ளைகளுக்குக் காப்பகம் வந்தது. பெண் தலைமைக்கென்று ஒரு விருதும் வந்தது. அதற்கு வந்த மாலையை அண்ணாச்சி படத்துக்குப் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொரு பெண் அந்த அறையில் இருந்தால், என் குரல் அவள் காதிலாவது விழும் என்று நினைத்தேன். சுகிர்தாவை எஞ்சினியராக எடுத்தேன். திசையன்விளைப் பெண், கெட்டிக்காரி, யாருக்கும் பயப்படாமல் பேசுவாள். அவள் வந்த அன்று மீட்டிங்கில், அண்ணாச்சி நாற்காலியின் துண்டை உருவிப் போட்டுவிட்டு நானே அதில் உட்கார்ந்தேன். யாரும் தடுக்கவில்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது.

"சாயத்தண்ணிய ஆத்துல விடுதத இன்னைக்கே நிறுத்தணும்" என்று என் குரல் கணீரென்று ஒலித்தது.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சரி மேடம். இன்னைக்கே நிறுத்திருதோம்" என்றார் நடராஜ்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் ஏக்கம்!

ஆனால் நான் வாயே திறந்திருக்கவில்லை.

மேஜையின் கடைசியில் சுகிர்தா எழுந்து நின்றிருந்தாள். அவள் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. காரணங்களை ஒவ்வொன்றாக அவள் எடுத்துச் சொல்லச் சொல்ல, அறை முழுவதும் என் குரல் கேட்டது. பிறகு நிறுத்தினாள். ஒருவர்கூடத் தன் பக்கம் திரும்பாததைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள். 'சொன்னது இவள்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எல்லோரும் காத்திருந்தார்கள், என் முகத்தையே பார்த்தபடி.

"ம், செஞ்சிருங்க" என்றேன்.