விழுவது என் வேலை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் கெட்டவனாகிவிடுவேன். மற்ற நாட்களில் மெத்தைக் கடையில் வேலை. வருகிறவர்களைப் படுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவர்கள் கண்மூடிக் கிடக்கும் இரண்டு நிமிடம் தூணோரம் சும்மா நிற்பேன். சாதுவான உத்தியோகம். ஆனால் என் அக்கா, பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்துகிறாள். கத்தியோடு பாய ஓர் ஆள் வேண்டுமே. கூப்பிட்ட குரலுக்கு வருகிற தம்பி இருக்கும்போது அவள் எதற்கு வெளியே தேடப்போகிறாள்?

வகுப்பு, அச்சகத்துக்கு மேலே இரண்டாவது மாடியில். நீல விரிப்பு, தெருவைப் பார்த்த இரண்டு ஜன்னல், ஒரு கதவு. நான் பஞ்சு திணித்த உடுப்பை மாட்டி, தலைக்குப் பெரிய கவசத்தைக் கவிழ்த்துக்கொள்வேன். கண்ணுக்கு இரண்டு துளைகள். உள்ளே போய்விட்டால் உலகமே தண்ணீருக்கடியில் போய்விடும். அக்காவின் அதட்டல்கூடப் பக்கத்து வீட்டில் யாரையோ திட்டுவதுபோலத்தான் கேட்கும். என் மூச்சு மட்டும் பெரிதாக இருக்கும். எதிரே நிற்பவள் மெல்ல மிதந்து வருவாள். மணிக்கட்டில் ஓர் அடி, மார்பில் முழங்கையால் ஓர் இடி, ரப்பர் கத்தி கையைவிட்டுப் போகும். நான் விழுவேன்.

விழுவதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடிக்கும். கூரை மெதுவாக முன்னால் வரும், ஜன்னல் வெளிச்சம் சாய்ந்துகொண்டே போகும், முதுகு விரிப்பைத் தொடும்போது உடம்பில் பாரமே இருக்காது. கீழே கிடந்தபடி அடித்தவளின் முகத்தைப் பார்ப்பேன். இத்தனை பெரிய ஆளை நானா சாய்த்தேன் என்று அந்த முகம் மலரும். அதைப் பார்க்கத்தான் ஒன்பது வருஷமாக விழுந்துகொண்டிருந்தேன்.

"காத்து பட்டாலே விழுந்துடற," என்பாள் அக்கா.

"பாவம்க்கா. அதுங்களுக்கு நம்பிக்கை வரட்டும்."

"வரும் வரும். வெளிய இருக்கறவன் விழணுமே."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொன்றும் அவள் வாராவாரம் சொல்வாள்: "அடிச்சதும் ஓடுங்க." எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த அறையில் எங்கே ஓடுவது? அடிப்பார்கள், நான் விழுவதை நின்று பார்ப்பார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள், அடுத்தவள் வருவாள். எங்கள் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒல்லி, நான்கு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு அடிக்கும் "வலிச்சுதா அண்ணா?" என்று கேட்டாள். அவளுக்காகக் கொஞ்சம் கூடுதல் அழகோடு விழுந்தேன். கை படுவதற்குள் தரையில் இருப்பேன். ஆறு மாதத்தில் அவள் நிமிர்ந்து நடந்தாள். தலைக்கனம் எனக்குத்தான் ஏறியது.

ஒரு புதன்கிழமை மதியம் அவள் கடையில் தனியாக இருந்தபோது, மருத்துவர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு ஒருவன் கத்தியோடு உள்ளே புகுந்தான். அவள் எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள். மணிக்கட்டில் அடித்தாள், மார்பில் இடித்தாள். அவன் இரண்டடி பின்னால் தள்ளாடினான். கத்தி கையிலேயே இருந்தது. கடைக்கதவு அவளுக்குப் பக்கத்தில், விரியத் திறந்திருந்தது. அவள் போகவில்லை. அவன் விழுவதற்காக நின்று காத்திருந்தாள்.

அவன் விழவில்லை. எதிர்க்கடைக்காரர் சத்தம் கேட்டு ஓடிவருவதற்குள் அவள் முன்கை கிழிந்துவிட்டது. பன்னிரண்டு தையல். ஆளை மறுநாளே பிடித்துவிட்டார்கள்.

அக்கா போனில் இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மெத்தையில் ஒரு தம்பதி கண்மூடிப் படுத்திருந்தார்கள். நான் அவர்கள் காலடியில் போனைப் பிடித்தபடி நின்றேன். அவமானமாக இருந்தது. என்னுடைய நல்ல மனசு ஒரு பெண்ணைச் சாகக் கொடுத்திருக்கும்.

ஆறு வாரம் கழித்து, எல்லோரும் விரிப்பில் இருந்த ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள். கையில் தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது.

"கடைக்குப் போறியாம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"வாசல் வரைக்கும் போறேங்க்கா. உள்ள போனா அவன் இன்னும் அங்கயே நிக்கற மாதிரி இருக்கு. கால் மரத்துப் போயிடுது. இன்னிக்கும் கால் நகரலன்னா வேலைய விட்டுடறேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "விழாதீங்கண்ணா. கெஞ்சிக் கேக்கறேன்."

கவசத்தைப் போட்டுக்கொண்டேன். தண்ணீருக்கடியில் போனேன். அவள் மிதந்து வந்தாள். மணிக்கட்டில் அடி, மார்பில் இடி. என் முதுகு தானாகவே பின்னால் சாயப் பார்த்தது. முட்டியை இறுக்கி நின்றேன். அவளும் நின்றாள். எனக்குள் ஒன்பது வருஷப் பழக்கம் விழு விழு என்று கெஞ்சியது. கத்தியை நீட்டி அவள் தோளில் வைத்தேன்.

"செத்துட்ட," என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல். "மறுபடியும்."

இரண்டாம் முறையும் அவள் நின்றாள். மூன்றாம் முறை அழுதாள். கவசத்துக்குள் நானும் அழுதேன். துடைக்க வழியில்லாமல் கண்ணீர் உதட்டுக்கு வந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ "போதும்க்கா, விட்டுடுங்க" என்றார்கள். அக்கா அசையவில்லை.

நான்காம் முறை அவள் பாடத்தில் உள்ள எதையும் செய்யவில்லை. என் முட்டியில் உதைத்தாள். இரண்டு கையாலும் கவசத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் திருகினாள். கண் துளைகள் காதுப்பக்கம் போய்விட்டன. ஒரே இருட்டு. இருட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்டது, கதவு சுவரில் மோதியது, படிக்கட்டு முழுக்கத் தடதடவென்றது.

கவசத்தைக் கழற்றுவதற்குள் எல்லோரும் ஜன்னலில் இருந்தார்கள். முட்டி விண்ணென்று வலிக்க, நொண்டிக்கொண்டு போய் நானும் எட்டிப் பார்த்தேன். கீழே வெயில் படுத்திருந்த தெருவில், வெறுங்காலோடு, நட்டநடுவில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் விழுந்தேனா இல்லையா என்று அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.