வாங்காமல் வளர்ந்த வீடு

எங்கள் காலனியில் ஒரு பொருளை வாங்காமல் விட்டால் வீடு வளரும். வாங்கினால் சுருங்கும். பல்லடத்துக்கு மனை பார்க்க வருகிறவர்களிடம் தரகர்கள் தண்ணீர் வசதியைப் பற்றிச் சொல்லிவிட்டு இதையும் சொல்லிவிடுவார்கள்.

நானும் என் மனைவி வேலாத்தாளும் குடிவந்தபோது ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் இருந்தன. வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கலாம் என்று நினைத்து, பிறகு வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம். காலையில் சுவரில் ஓர் அலமாரி வந்திருந்தது. வேலாத்தாள் அதைத் துடைத்து உப்பு ஜாடியை வைத்தாள். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தத் தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்று அவளே சொன்னாள். அதற்கு ஓர் அறை வந்தது. கொடைக்கானல் போகாததற்கு வந்த அறை எப்போதும் குளிர்ந்தே இருந்ததால் தயிரை அதில் வைத்தோம். அவளுக்கு மல்லிகை என்றால் உயிர். பூ வாங்காமல் வந்த அறைகள் சின்னவை, ஆனால் ஏராளம். பிள்ளை பெற்றுக்கொள்வதைக் கொஞ்சம் வசதி வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டோம். அதற்கு ஒரு மாடியே வந்தது. மாடிக்கு நாங்கள் அதிகம் போவதில்லை.

புது அறை எதுவானாலும் விளக்கு எரிந்தபடிதான் வரும். அணைப்பது எங்கள் வேலை. அணைத்தால் மின்சாரம் மிச்சம், மிச்சத்துக்கு இன்னோர் அறை, அதிலும் விளக்கு. இப்படி வீடு கிழக்கே நீண்டுகொண்டே போனது. வரி போட நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்தார். அவர் இன்னும் உள்ளே அளந்துகொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டு மாரப்பனைப் பார்த்து நாங்கள் பரிதாபப்பட்டிருக்கிறோம். கை ஓட்டை. பிரியாணி, சினிமா, சம்சாரத்துக்குக் கொலுசு என்று வாங்கி வாங்கி அவர் வீடு ஒரு பெட்டிக்கடை அளவுக்கு வந்துவிட்டது. ஐந்து பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் சிரித்தால் மற்ற நாலு பேரும் குலுங்குவார்கள். அந்தச் சத்தம் எங்கள் வாசல்வரை கேட்கும். நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம்.

போன ஆடியில் கிழக்குக் கோடியில் ஒரு விளக்கு எரிவதை வேலாத்தாள் பார்த்தாள்.

"ஏனுங்க, வீணா எரியுது பாருங்க. அணைச்சுட்டு வந்தர்றேன்" என்று போனாள். இன்னும் வந்து சேரவில்லை.

அவள் குரல் மட்டும் வரும். காலையில் சொன்னது எனக்குச் சாயங்காலம் கேட்கும். ஓட்டலில் சாப்பிடாமல் வந்த சமையல்கட்டு ஒன்று அங்கே இருக்கிறது, சோறு பொங்கிக்கொள்கிறேன் என்றாள். தேடிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க, செருப்புத் தேஞ்சுரும்" என்று மறுநாள் பதில் வந்தது. அதுவும் சரிதான் என்று இருந்துவிட்டேன். அந்தச் செருப்புக்கு ஒரு கூடம் வந்தது.

கார்த்திகை பிறந்தபோது அவள் குரல் வர இரண்டு நாள் ஆனது. "ஒரு மொழம் பூ வாங்குங்க. வீடு கொஞ்சம் சுருங்கட்டும். உங்களப் பாக்கோணும்போல இருக்குதுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் எதையும் வாங்கச் சொன்னதில்லை. உடனே பூக்கடைக்கு ஓடினேன். பூக்காரி விலையைச் சொன்னாள். என் வாய் தன்பாட்டுக்குப் பாதியைக் கேட்டது. அவளும் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் பூவுக்கு ஒரு வாசற்படி சுருங்கியிருந்தது, பேரத்துக்கு ஒரு தாழ்வாரம் நீண்டிருந்தது. எங்கள் வீட்டில் செலவைவிட மிச்சத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

மாரப்பனிடம் போய், செலவு செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன்.

"அதுக்கென்னுங்ணா, வாங்க" என்று ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். பரோட்டா, சுக்கா, மேலே ஒரு ஐஸ்கிரீம். நான் சட்டைப்பையில் கைவிடுவதற்குள் அவர் பில்லைக் கட்டிவிட்டார்.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்றேன்.

"விடுங்ணா. நம்மளுக்குள்ள என்ன?"

நல்ல மனுஷர். சுக்காவுக்கு ஒன்று, ஐஸ்கிரீமுக்கு ஒன்று என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் அறைகள் வந்தன. வேலாத்தாள் இன்னும் தள்ளிப் போனாள்.

அதன்பிறகு பல நாள் சத்தமே இல்லை. நான் கிழக்கு அறைகளுக்குப் போகும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருப்பேன். வாங்கிய மல்லிகை காய்ந்து நார் மட்டும் மிஞ்சியது. பிறகொரு நாள் மிகச் சன்னமாக வந்தது.

"ஏனுங்க, கடைசி ரூமுல சன்னலத் தொறந்தனுங்க. கடல் தெரியுது. நாகப்பட்டினமாமுங்க. பஸ் ஏறி வந்துருங்க. ரெண்டு பேருமாப் பாக்கலாம்."

வேலாத்தாள் கடல் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் கேட்டாள்; அடுத்த வருஷம் போகலாம் என்றேன். அதற்குத்தான் அந்தச் சன்னல் வைத்த அறை வந்திருக்க வேண்டும்.

வேட்டி மாற்றிக்கொண்டு, பணத்தை எண்ணாமல் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை, என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவது என்று சத்தியம் பண்ணியிருந்தேன். பஸ் நின்றிருந்தது. சன்னலோர இடம்கூடக் காலியாக இருந்தது. படியில் ஒரு காலை வைத்தேன்.

"சீக்கிரம் ஏறுங்க பெரியவரே" என்றார் கண்டக்டர்.

அப்போதுதான் தோன்றியது. வீட்டுக்குள்ளேயே நடந்தால் நாகப்பட்டினம் போய்விடலாமே. வழி நெடுகக் கூரை, வெயில் மழை கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. மனசு வேண்டாம் வேண்டாம் என்று அடித்துக்கொண்டது. கால் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கிழக்கு வாசல் வழியாக உள்ளே நடந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவுகள் எல்லாம் நேர்கோட்டில் திறந்திருந்தன. அவள் போன பிறகு வந்த அறைகள் எல்லாவற்றிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தயிர் அறையைத் தாண்டி, புடவை அறையைத் தாண்டி, பூ அறைகளுக்குள் போனபோது எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தேன். நகராட்சிக்காரர் ஒரு மூலையில் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனையைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனேன்.

வெகுதூரத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து, ஒரு விளக்கு அணைந்தது. பிறகு அதற்கு இந்தப் பக்கம் இருந்தது அணைந்தது. வேலாத்தாள்தான். நான் பஸ் ஏறுவேன் என்று நம்பாமல் அவளும் நடந்து வருகிறாள்.

"வேலாத்தா, அணைக்காதே!" என்று கத்தினேன். அது அவளுக்கு நாளைக்குத்தான் கேட்கும்.

அவள் அணைத்த ஒவ்வொரு விளக்குக்கும் எங்கள் நடுவில் ஓர் அறை விளக்கெரிய வந்து நின்றது. நான் அடுத்த அறைக்குள் போனேன். நான் கடந்துவந்த அறையில் ஆள் இல்லாமல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய் அதை அணைத்துவிட்டு வந்தேன்.