குழலில் நின்ற நீலம்

முற்றத்தில் ஒப்பாரி சற்றுத் தணிந்த நேரத்தில் சந்திரவல்லி உள்ளறைக் கதவைச் சாத்தினாள். பழைய போர்வையை விரித்து அதன் மேல் அப்பாவின் ரைபிளைக் கிடத்தினாள். கட்டையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். சேற்றுக்கு அடியில் வேறு கறையும் இருந்தது. அதையும் துடைத்தாள்.

ஐந்து மணிக்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று ஏட்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார். லைசென்சுக்காரர் இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாதாம்.

"சேறோட குடுத்துறாத. அவரு ஒருநாளும் அப்பிடி வச்சதில்ல" என்றாள் அம்மா பெரியம்மாள். அழுது அழுது அவளுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது.

அப்பா கோட்டைச்சாமிக்குப் போடிமெட்டுக்குக் கீழே நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். பன்றித் தொல்லைக்காக, பயிர்ப் பாதுகாப்பு லைசென்சில் வாங்கிய ரைபிள் இது. இன்று விடிகாலையில் ஜீப்பில் மலையேறிப் போனவர், ஒன்பது மணிக்கு அதே ஜீப்பில் கம்பளி போர்த்திக் கீழே வந்தார். ஓடைக்கரையில் பன்றி தொடையைக் கிழித்திருந்தது. தோட்டக் காவல்காரர் மொக்கையன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, மதியத்துக்கு மேல்தான் உடம்பைக் கொடுத்தார்கள்.

"வெடிச்சத்தம் கேட்டு ஓடுனேன். துப்பாக்கி காலியாக் கெடந்துச்சு. சுட்டிருக்காரு, குறி தப்பிருச்சு."

வருகிறவர்களிடமெல்லாம் மொக்கையன் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். "கோட்டைச்சாமிக்கா குறி தப்புச்சு?" என்று அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அது காதில் விழும்போதெல்லாம் சந்திரவல்லி அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள். உடம்பு வந்து இறங்கியதிலிருந்து அவள் அதன் பக்கம் போகவில்லை. பந்தலுக்குக் கீற்று, பாடைக்கு மூங்கில், வந்தவர்களுக்குத் தண்ணீர் என்று ஏதாவது ஒரு சோலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தபடியே இருந்தாள்.

ரைபிள் தோட்டாவுக்குச் செம்பு உறை. சுடச்சுட அந்தச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குழலின் உட்புறம் ஈஷிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்கெல்லாம் அது அசையாது. மதுரையில் துப்பாக்கிக் கடையில் ஒரு மருந்து விற்கிறார்கள். திறந்தாலே அமோனியா வாடை மூக்கை எரிக்கும். துணித்துண்டை அதில் நனைத்து, கம்பியில் கோத்து உள்ளே ஓட்டினால் செம்பு கரைந்து துணி நீலமாக வெளியே வரும். துணி வெள்ளையாக வரும்வரை ஓட்ட வேண்டும். செம்பு தங்கினால் குண்டு விலகும் என்பது அப்பாவின் கணக்கு. தூரத்தில் நிற்கும் பன்றியைத் துல்லியமாகப் பார்க்கும் அவர் கண்ணுக்கு, கையில் இருக்கும் துணியின் வெளிர்நீலம் நாலைந்து வருடமாகத் தெரிவதில்லை. அதனால் அது சந்திரவல்லியின் வேலையாயிற்று. புருஷன் வீடு ஒத்துவராமல் திரும்பி வந்தவளுக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது.

வழக்கமாகப் பத்துத் துணியாவது ஆகும். நேற்றுச் சாயங்காலம் நாலு துணி ஓட்டி, அழுக்குத்துணி டப்பாவில் போட்டாள். நாலாவதும் நீலம்தான். பகலெல்லாம் குனிந்து ஏலக்காய் தரம் பிரித்த இடுப்பு விட்டுப்போயிற்று.

"நீலம் நின்னுருச்சா ஆத்தா?" என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டார் அப்பா.

"நின்னுருச்சுப்பா" என்றாள். எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டி, எடுத்து மாட்டிவிட்டாள்.

இப்போது குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, காய்ந்த துணி ஒன்றைக் கம்பியில் கோத்தாள். ஒரே ஒரு குண்டு போயிருந்தாலும் முதல் துணி கரிக்கட்டை போல வரும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கம்பியைக் குழலுக்குள் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள்.

திறந்து பார்த்தபோது துணியில் எண்ணெய் மட்டும் இருந்தது. நுனியில் துளி மண். கரி இல்லை.

முகர்ந்து பார்த்தாள். புகை வாடையும் இல்லை. இன்னொரு துணி ஓட்டினாள். அதுவும் அப்படியே. மருந்தில் நனைத்து ஓட்டி, சற்றுப் பொறுத்து எடுத்தாள். அதே வெளிர்நீலம். நேற்று அவள் விட்ட இடத்திலேயே நின்றது.

கதவைத் திறந்துகொண்டு நேரே மொக்கையனிடம் போனாள்.

"அண்ணே, அப்பா சுட்டத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கல தாயி. சத்தந்தேன் கேட்டுச்சு."

"சத்தம் எங்கிட்டிருந்து?"

மொக்கையன் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மேலருந்து."

"அப்பா எங்க கெடந்தாரு?"

"கீழ, ஓடையில." அவர் முகம் மெல்ல மாறியது. "மேல எஸ்டேட்டுல பன்னிக்கு வேட்டுப் போடுவாய்ங்க. அதா இருக்குமோ?"

"குழல்ல கரியே இல்லண்ணே. அவரு சுடவே இல்ல."

"அப்ப துப்பாக்கி காலியா இருந்துச்சே?"

"பன்னியக் கண்டாத்தேன் தோட்டா போடுவாரு. ஏத்தத்துல காலியாத்தேன் தூக்கிட்டுப் போவாரு. வழுக்கி விழுந்தா வெடிச்சிருமுன்டு."

மொக்கையன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஆமா தாயி. ஆமா. போடக்கூட நேரம் குடுக்கலயே அது. நான் பாட்டுக்கு ஊரெல்லாம் சொல்லிட்டனே."

சந்திரவல்லி பெண்களை விலக்கிக்கொண்டு போய் அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள். நாடியைத் துணியால் கட்டியிருந்த அப்பாவின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு பக்க மீசையில் இன்னும் மண் இருந்தது. முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் குறி தப்பல. அவரு சுடவே இல்ல."

பெரியம்மாள் மகளைப் பார்த்தாள். "பாத்தியா?"

"துணி ஓட்டிப் பாத்தேன்."

"அதான. ஆளாளுக்குப் பேசுறாக. நானும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்." பெரியம்மாளின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

சந்திரவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்து நான் முழுசாத் தொடைக்கலம்மா. நீலம் நின்னுருச்சுன்டு பொய் சொல்லிட்டேன்."

பெரியம்மாள் அப்பாவின் காலடியில் சரிந்திருந்த மாலையை இழுத்து நேராக்கினாள்.

"தெரியும் அவருக்கு. காலையில போறப்ப டப்பாவத் தடவிப் பாத்தாரு. நாலே துணிதேன் கெடக்கு, புள்ள அசந்துட்டா, எழுப்பாத, சாயங்காலம் வந்து நானே ஓட்டிக்கிறேன்டாரு."

சந்திரவல்லி அப்பாவின் கையைப் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை நெடுநேரம் நிற்கவில்லை. சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நாலரை மணிக்குச் சித்தப்பா, துணி சுற்றிய ரைபிளை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குச் சைக்கிளை மிதித்தார். மேற்கே மலையில் மழை இறங்கியிருந்தது. அடுத்த வீட்டு மொக்கம்மாள் தூக்குச்சட்டியில் பால் விடாத கட்டங்காப்பியும் கிண்ணத்தில் சீனியும் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டே வந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத சந்திரவல்லி டம்ளரை வாங்கி, ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா ஆத்தா?"

டம்ளரை நீட்டினாள். "சீனி கொஞ்சம் கூடப் போடுக்கா."