மகளிர் இணைப்பில் ஒரு திருத்தம்

குர்திஷ் போராளி ஷிலான் ஏழாவது முறையாகச் செத்துப்போன செய்தி வியாழக்கிழமை நாளிதழில் வந்திருந்தது. படம் அவளுடையதுதான். பின்னிய கூந்தல், தோளில் துப்பாக்கி, லேசான சிரிப்பு. பெயர் மட்டும் தெல்வீன் என்று இருந்தது.

உண்மையில் செத்தது தெல்வீன்தான். ஷிலானின் தளபதி, வயது நாற்பத்தொன்று. அதற்கு முன் செத்த ஆறு பெண்களுக்கும் ஷிலான் படத்தையே போட்டிருந்தார்கள். அதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். இந்த முறை முடியவில்லை. தெல்வீனின் அம்மா, ஆணியடித்து வந்த சவப்பெட்டியை வாங்க மறுத்துவிட்டார்.

"பேப்பர்ல இருக்கறது என் பொண்ணு இல்ல. அவ மூஞ்சி வந்தாத்தான் நம்புவேன்" என்றார். பெட்டி காலையிலிருந்து வாசலில் கிடந்தது.

நாளிதழ் அலுவலகம் பதுங்குகுழியின் தெற்கு முனையில் இருந்தது. அரைமணி நேர நடைதான். அன்று நடக்க நடக்க நீண்டது. மண்சுவரில் சுவிட்சுகள் முளைத்தன. பிறகு ஒரு வரவேற்பாளர் வந்தார்.

"என்ன விஷயம்?"

"போர்ல செத்தவங்க விஷயம்."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"அப்ப போர் இல்ல, மகளிர் இணைப்பு. சமையல் குறிப்புக்கு அடுத்த ரூம்."

மகளிர் இணைப்பின் ஆசிரியர் கோதண்டராமன் எழுந்து நின்று கைகூப்பினார். அவளுடைய எல்லா மரணங்களையும் தாமே பக்கம் வடிவமைத்ததாகச் சொன்னார். அவள் தெல்வீனின் படத்தை நீட்டினாள்.

"சிரிக்கலையே இவங்க."

"பதினோரு வருஷமா சண்டை போட்டவங்க சார்."

"முடியும் கம்மி. நீங்க முடிக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?"

"அக்கா ஊர் ஊராப் போய் பெண்கள் சபை அமைச்சாங்க. எதுக்காகச் செத்தாங்கன்னு எழுதுங்க சார்."

"எண்ணெய் பேரைச் சொன்னா அதுக்கும் நாலு வரி ஒதுக்கறேன்."

போராளிகள் குளித்தே இருபது நாளாகியிருந்தது. "ஆலிவ் எண்ணெய்" என்றாள். சொன்னதும் அவளுக்கு அவமானமாக இருந்தது. அவர் அக்கறையாக எழுதிக்கொண்டார்.

"படம் சார்?"

"தப்பு நடந்திருக்கு, ஒத்துக்கறேன். நாளைக்கே திருத்தம் போட்டுடுவோம். எங்க பேப்பர்ல அதுல மட்டும் சமரசமே கிடையாது."

அவளுக்கு உயிர் வந்தது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பதுங்குகுழி இந்த முறை நேராகத் தெல்வீன் வீட்டு வாசலில் போய் முடிந்தது. அதற்குள் வெள்ளிக்கிழமை ஆகியிருந்தது. அம்மா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

மகளிர் இணைப்பின் முதல் பக்கம். அதே கூந்தல், அதே சிரிப்பு. கீழே கட்டம் கட்டியிருந்தது: 'திருத்தம். இப்படத்தில் உள்ள ஆலிவ் எண்ணெய்க் கூந்தலழகி தெல்வீன் நலமாக இருக்கிறார். இறந்தவர் ஷிலான் என்பவர். தவறுக்கு வருந்துகிறோம்.'

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"வந்துட்டியாடி தெல்வீன்" என்று கட்டிக்கொண்டார். "நாந்தான் குழம்பிட்டேன். எட்டு தடவை போட்டிருக்காங்க, தப்பா இருக்குமா?"

"அம்மா, நான் ஷிலான்."

"அது இந்தப் பெட்டில இருக்கற பொண்ணு. பாவம், அவளுக்குன்னு ஒருத்தரும் வரல. நாமளே அடக்கம் பண்ணிடலாம், வா."

அம்மா பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினார். ஷிலான் மறுமுனையைப் பிடித்தாள்.