தரணீதரன் கொடுத்த புகார்

அனுப்பர்பாளையத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் போன் செத்துப்போகும். பேசிக்கொண்டே வந்தவர்கள் நாலுமுறை அலோ சொல்லிப் பார்த்துவிட்டுக் கையிலிருக்கும் போனைத் திட்டுவார்கள். ஆடி மாதத்துக்கு முன்பு இந்தத் தொல்லை இல்லை. இதில் முதலில் கொதித்தெழுந்தவர் பனியன் கம்பெனி தரணீதரன். ஊர்க்காரியம் என்றால் அவருக்கு அப்படியொரு ருசி. 'அண்ணன் பாத்துக்குவாருங்க' என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம்.

அதிகம் அடிபட்டது அவர் கம்பெனிக்கு எதிர்வீட்டுக் குல்சார் பேகம். கணவர் இல்லை, மகள் மஹ்னூரோடு தனியாக இருக்கிறார். தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக் கொடுத்துத்தான் பிழைப்பு. காலையில் ஏஜென்ட் போனில் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் துணி மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும். சிக்னல் போனதிலிருந்து அவர் வீட்டுக்கு மூட்டையே வரவில்லை.

தரணீதரன் தெருக்காரர்களைக் கூட்டினார்.

"அலைக்கற்றைங்கறது பொதுச் சொத்துங்க, வாய்க்கால் தண்ணியாட்டம். எங்க தோட்டத்துப் பக்கம் எவனாச்சும் வாய்க்கால்ல திருட்டு மோட்டார் போட்டுருவான், கடைமடைக்காரன் காஞ்சு கெடப்பான். அதே கதைதானுங்க இது. டவர்க்காரன் நம்மளைக் கடைமடையில வுட்டுட்டான்."

எல்லோரும் கைதட்டினார்கள். டவர்க்காரன் மேல் எழுதிய புகாரில் முதல் கையெழுத்தும் அவரே போட்டார்.

அந்தப் புகாரை மதித்து ஒரு நாள் தொலைத்தொடர்புத் துறை அதிகாரி வந்து இறங்கினார். இந்துமதி என்று பெயர். கையில் மீன்முள் போல ஒரு ஆன்டெனா. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"டவர்ல குறை இல்லீங்க," என்றார் இந்துமதி. "பக்கத்துல யாரோ அனுமதியில்லாம சிக்னல் பூஸ்டர் வெச்சிருக்காங்க. அது போடற இரைச்சல்ல உங்க போன் பேசறது டவருக்குக் கேக்கறதில்ல."

தரணீதரன் தன் கம்பெனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய கம்பெனிக்குத் தகரக் கூரை. உள்ளே சிக்னல் வராது. சரக்கை வீடியோவில் காட்டச் சொல்லி, அதை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டதால், ஆடி பிறந்த கையோடு ஒரு பூஸ்டரை ஆன்லைனில் வாங்கி கம்பெனியை ஒட்டிய ஆபீஸ் மொட்டைமாடியில் மாட்டியிருந்தார். அதற்கும் தெருவில் போன் செத்ததற்கும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்த்ததே இல்லை. இப்போது முடிச்சு தானாகவே விழுந்துவிட்டது.

சொல்லிவிடலாம்தான். கைதட்டிய அத்தனை பேரும் எதிரே நின்றார்கள். அதிகாரி போனதும் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்று வாயை மூடிக்கொண்டார்.

ஆன்டெனா மெல்லத் திரும்பி அவர் கம்பெனியைப் பார்த்து நின்றது.

"இது யாரோட கட்டடம்?"

குல்சார் பேகம் முன்னால் வந்துவிட்டார். "அங்க இருக்காதுங்க மேடம். எங்களுக்காக அலைஞ்சு புகார் கொடுத்ததே இந்த அண்ணந்தானுங்க. உங்க மிஷின்ல ஏதோ கோளாறுங்க. எம்புள்ள மேல சத்தியமாச் சொல்றேன், அவரு அப்படிப்பட்டவரில்லீங்க."

அப்போதாவது மனுஷன் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேல போய்ப் பாத்துரலாமுங்க," என்றார் இந்துமதி.

தரணீதரனே மாடிக்குக் கூட்டிப்போனார். இந்துமதி பூஸ்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, நோட்டீஸ் வரும் என்று சொல்லி அதைக் கையோடு எடுத்துக்கொண்டார். கீழே ஒரு போன் சிணுங்கியது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கச் சிணுங்கல். கீழே இறங்கவே தரணீதரனுக்குக் கால் வரவில்லை.

இறங்கி வந்தபோது யாரும் திட்டவில்லை. "வாங்க," என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தராவது நாலு வார்த்தை கேட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

குல்சார் பேகம் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட் கூப்பிட்டுத் தவறிப்போன அழைப்புகளின் மெசேஜ்களெல்லாம் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்கம்மா," என்றார் தரணீதரன்.

"தெரியாம மாட்டுனீங்க, சரிங்ணா." குல்சார் பேகம் நிமிர்ந்து பார்த்தார். "எம்புள்ள மேல நான் சத்தியம் பண்றப்ப உங்களுக்குத் தெரியுமுங்கல்ல?"